அக்காவிடம் சொல்லாத பன்னிரண்டு நாள்

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே ஐந்து மாடி, நானூறு கட்டில். அத்தனை கட்டில்களின் விரிப்பும் தலையணை உறையும், அறுவை அறையின் பச்சைத் துணிகளும் பைகளில் கட்டப்பட்டு, ஒரு சரிவான குழாய் வழியே தொப்பு தொப்பென்று கீழே விழும். ஜன்னல் கிடையாது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு நான்கு துவைக்கும் மிஷின், எதிரே துணி உலர்த்தும் மிஷின் இரண்டு, நடுவில் இஸ்திரி ரோலர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பிளீச்சிங் நெடியில் கண் எரியும். இரண்டாம் வாரம் மூக்கு மரத்துவிடும். அதன் பிறகு வீட்டில் இருப்பவர்கள் சொன்னால்தான் தன் மேல் அந்த வாடை இருப்பதே தெரியும்.

அங்கே இருபது வருடம் வேலை பார்த்தவள் அக்கா. எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட ஆறு வயது மூத்த மிஷின்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கணவரே ஒருமுறை சலவைப் பிரிவுக்குப் போன் போட்டு "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தார்கள்.

முதல் ஒன்பது வருடம் அவள் யாருக்கும் அக்கா இல்லை. துணி பிரிக்கும் மேசையில் நின்ற இரண்டு பேரில் ஒருத்தி, அவ்வளவுதான். குழாயில் வந்து விழும் பைகளை அவிழ்த்து, ரத்தம், சீழ், மலம் என்று துணிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் மேசை அது. மேலே வார்டுகளில் யாரோ அவசரத்தில் போட்ட ஊசி, விரிப்பின் மடிப்புக்குள் சுருண்டுகொண்டு கீழே வரும். பார்த்துப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். கொடுத்த கையுறையோ வெங்காயத் தோல் மாதிரி இருக்கும்.

அப்போது மேற்பார்வையாளராக இருந்தவருக்கு 'விசில்' என்று பெயர். கண்ணாடித் தடுப்பு வைத்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எவர் கையாவது ஓய்ந்தால் விசில் ஊதுவார். தவறு செய்தவர்களை ஒரு மாதம் பிரிக்கும் மேசைக்கு அனுப்புவார். அக்காவும் அவளோடு நின்ற கண்ணாடிக்காரியும் எந்தத் தவறும் செய்யாமலே அங்கே நிரந்தரமாக நின்றார்கள். இருவருக்கும் எதிர்த்துப் பேசத் தெரியாது என்பதுதான் காரணம்.

ஒருநாள் கண்ணாடிக்காரியின் கட்டை விரலில் ஊசி ஏறியது. கையுறைக்குள் ஒரு சொட்டு ரத்தம். அக்கா பார்த்துவிட்டாள். "மேல போய்க் காட்டு" என்றாள்.

"காட்டினா கவனக்குறைவுன்னு எழுதுவாரு. ஏற்கெனவே ரெண்டு எழுதியிருக்காரு. மூணாவது எழுதினா வேலை போயிடும். நீ பார்க்கல, சரியா?"

அக்கா சரி என்றாள். நாலு மாதம் கழித்துக் கண்ணாடிக்காரியின் கண் மஞ்சளானது. ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பத்தொன்பது நாள் கிடந்து இறந்தாள். சாவு வீட்டுக்குப் போன அக்கா வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். அந்த ஒரு 'சரி'யை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னதே பல வருடங்களுக்குப் பிறகுதான்.

விசில் ஓய்வு பெற்றபோது நிர்வாக அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு மேற்பார்வையாளர் ஆக்கினார். திறமையைப் பார்த்து இல்லை. வாயில்லாப் பூச்சி, சொன்னதைச் செய்யும் என்ற நம்பிக்கை. அந்தக் கணக்கு தப்பிப்போனது.

முதல் நாள் அவள் ஒன்பது பேரையும் நிற்கவைத்துப் பேசினாள். பேசிப் பழக்கம் இல்லாததால் குரல் நடுங்கியது.

"ஊசி குத்தினா உடனே சொல்லணும். நான் கூட வர்றேன். யாரும் எதுவும் எழுத மாட்டாங்க. சொல்லாம இருந்தாத்தான் எனக்குக் கோபம் வரும்." கொஞ்சம் நிறுத்தி, "பிரிக்கிற மேசையில இனிமே தண்டனைன்னு யாரும் நிக்க வேணாம். அங்க தினமும் நான் நிப்பேன். என்கூட நிக்க ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சுக்கலாம்" என்றாள்.

யாரும் நம்பவில்லை. புது விளக்குமாறு நன்றாகத்தான் பெருக்கும் என்று ரேடியோ முணுமுணுத்தாள். ரேடியோ என்பது துணி மடிக்கும் இடத்தில் இருந்தவளின் பட்டப்பெயர். காலையில் கதவைத் திறக்கும்போது ஆரம்பிக்கும் அவள் வாய், மாலையில் விளக்கை அணைத்தால்தான் நிற்கும். இரண்டு வாரம் கழித்து அவளுக்குத்தான் முதலில் ஊசி குத்தியது. மறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா கையைப் பிடித்துவிட்டாள். இருவரும் மேலே போய் அவசரப் பிரிவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். ரத்தம் எடுத்து, தடுப்பூசி போட்டு, மறுபடி வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கீழே வந்ததும், ரேடியோவை உட்காரச் சொல்லிவிட்டு அவள் மடிக்க வேண்டிய துணியை அக்காவே மடித்தாள். அந்தச் செய்தியை ஒலிபரப்ப ரேடியோவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

கையுறைக்காக அக்கா பதினோரு நாள் அதிகாரியின் அறை வாசலில் நின்றாள். சண்டை போடவில்லை. காலையில் போய் நிற்பாள், "என்ன?" என்றால் "கையுறை சார்" என்பாள், திரும்பி வந்துவிடுவாள். பன்னிரண்டாம் நாள் தொல்லை விட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தடித்த கையுறை வந்தது. பிறகு, துணியில் அகப்பட்ட ஊசிகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, எந்த வார்டிலிருந்து எத்தனை என்று சீட்டு ஒட்டி, தலைமை நர்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். ஒரு மாதத்தில் ஊசி வருவது பாதியாகக் குறைந்தது.

கண்ணாடித் தடுப்பு அறை சாப்பிடும் இடமானது. அதுவரை ஈரத் தரையில், தள்ளுவண்டிகளுக்கு நடுவில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மாமியார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி முகம் வாடி நின்றால், "நீ போ, உன் மிஷினை நான் பார்த்துக்கறேன்" என்பாள். மிஷின்காரரின் மனைவி பிரசவத்துக்குப் படுத்தபோது, அவர் நின்ற இடத்தில் ஆறு நாள் இவள்தான் நின்றாள். பிரிக்கும் மேசையும் பார்த்து, மிஷினும் பார்த்து, மேற்பார்வையாளர் எழுத வேண்டிய தாள்களை பஸ்ஸில் எழுதினாள்.

இப்படியே எட்டு வருடம் ஓடியது. கீழ்த்தளத்தில் வேலை கேட்டு மற்ற பிரிவுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்றால் அது எப்படிப்பட்ட இடமாக மாறியிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு அறை வீடு. ஒரே மகள் வெளியூரில் நர்ஸிங் படித்தாள். மாலையில் அவர்தான் சமைப்பார். அக்கா வந்ததும் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்காருவாள். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால் வரை வீங்கத் தொடங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும்.

"ஊருக்கெல்லாம் கரும்பாப் பிழிஞ்சு கொடுத்துட்டு, வீட்டுக்குச் சக்கையா வர்ற" என்பார் அவர். சண்டைக்காரர் இல்லை. வெந்நீர் வைத்துக்கொண்டே சொல்வார்.

டாக்டர், தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்றார். அக்கா இரண்டு அளவு பெரிய ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டாள். வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடம் மழைக் காலத்தில் உலர்த்தும் மிஷின் இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாயின. வார்டுகளில் மாற்ற விரிப்பு இல்லை. மிஷின்காரர் ஓடிவந்து சொன்னதும், அக்கா ஈரத் துணி வண்டிகளை லிப்டில் ஏற்றி மொட்டை மாடிக்கடியில் இருந்த தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் உலர்த்தினாள். மூன்றாம் நாள் படிக்கட்டில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

அவள் வராத அந்த நான்கு நாளில் ஒருநாள் ரேடியோ சாப்பாட்டு அறையில் எல்லோரிடமும் பேசினாள். அவளுடைய வழக்கமான குரல் அன்றைக்கு இல்லை.

"நாமதான் அக்காவைச் சாகடிக்கிறோம். எது நடந்தாலும் அக்கா அக்கான்னு ஓடறோம். சொன்னா அவங்க என்ன செய்வாங்க? வந்து அவங்களே நிப்பாங்க. இனிமே சின்னச் சின்ன விஷயமெல்லாம் அவங்க காதுக்குப் போகக்கூடாது. நமக்குள்ளயே பார்த்துக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது?

அதற்கு மூன்று மாதம் கழித்து ரோலரில் கோளாறு வந்தது. இஸ்திரி ரோலர் என்பது கொதிக்கிற இரண்டு நீளமான உருளைகள். ஈர விரிப்பின் நுனியை நேராகப் பிடித்து உள்ளே கொடுத்தால் மறுபக்கம் உலர்ந்து தகடாக வரும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். விரல் பட்டாலே மிஷின் நின்றுவிடும். அந்தக் கம்பியின் சுவிட்ச் தேய்ந்துபோய், யார் கையும் படாமலே மிஷின் நிற்க ஆரம்பித்தது. மணிக்குப் பத்துத் தடவை நின்றது. துணி மலையாகக் குவிந்தது.

ரோலரில் நின்றவள் நெட்டை. ஆறடிக்கு ஓரிரண்டு விரல் குறைவு. உயரம் அந்த வேலைக்குத் தோது. அதிகம் பேச மாட்டாள், சிரிப்பாள். கணவன் விட்டுப் போனபின் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு மகனோடு இருந்தாள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். அந்தச் சுவிட்ச் கையிருப்பில் இல்லை. ஒரு ஒயரைக் குறுக்கே போட்டு, சுவிட்ச் வேலை செய்யாமலே மிஷின் ஓடும்படி செய்தார். "புது சுவிட்ச் கேட்டு எழுதிப் போட்டுட்டேன். வர்ற வரைக்கும் கம்பி சும்மா பேருக்குத்தான் இருக்கும். கை பத்திரம்மா" என்றார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆபீசர் கையெழுத்துப் போட்டா ரெண்டு நாள்."

ரேடியோ பக்கத்தில்தான் நின்றாள். நெட்டை அவளைப் பார்த்தாள். "அக்காகிட்ட சொல்லணுமா?"

"சொன்னா உன்னைத் தள்ளிட்டு அவங்க வந்து நிப்பாங்க. அந்தக் காலை வச்சுக்கிட்டு, அந்தச் சூட்டுல. ரெண்டு நாள்தானே, பார்த்துக்க."

இரண்டு நாள் பன்னிரண்டு நாளானது. கீழ்த்தளத்தில் ஒன்பது பேருக்கும் மெக்கானிக்குக்கும் அது தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. அவள் இருபதடி தள்ளி, ரோலருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லீவில் போன ஒருத்திக்காகப் பிரிக்கும் மேசையில் இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு விரிப்பின் ஓர நாடா நெட்டையின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அதை அவள் கவனிப்பதற்குள் துணி உள்ளே போய்விட்டது, துணியோடு கையும். கம்பியில் இடித்தது. கம்பி பேருக்குத்தான் இருந்தது.

அக்கா திரும்பி ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். மிஷின் நின்றது. ஆனால் நின்ற உருளை கையைக் கவ்விக்கொண்டே நின்றது, சூடும் குறையவில்லை. பக்கவாட்டில் இருந்த கைப்பிடியை மிஷின்காரரும் இன்னொருவரும் சேர்ந்து பின்பக்கமாகச் சுற்றினார்கள். நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் அக்கா நெட்டையைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெட்டை கத்தியது முதல் நிமிடம் மட்டும்தான். அதன் பிறகு அவள் தலை அக்காவின் தோளுக்கு மேல் சாய்ந்து கிடந்தது.

வலது கையில் நான்கு விரலையும் உள்ளங்கையில் பாதியையும் எடுத்தார்கள். மேலே நாலாம் மாடியில்தான் அறுவை நடந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நாலாம் மாடியின் சிவப்புப் பை குழாய் வழியே வந்து விழுந்தது. யாரும் அசையவில்லை. அக்கா போய்ப் பையின் முடிச்சில் கை வைத்தாள். ரேடியோ வந்து அவள் கையை விலக்கினாள். "தள்ளுங்க" என்றாள். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. பையை அவளே அவிழ்த்தாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாத் துணியையும் பிரித்து மிஷினில் போட்டார்கள்.

மறுநாள் அதிகாரி அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. உங்களுக்கே தெரியாது, இல்லையா?"

"தெரியாது சார்."

"அவ்வளவுதான். அதை அப்படியே எழுதிக் கொடுங்க. கம்பி வேலை செய்யலைங்கிறதை அந்தப் பொம்பளை உங்ககிட்ட மறைச்சிருக்கா. மத்தவங்களும் மறைச்சிருக்காங்க. தெரிஞ்சே வேலை செஞ்சது அவங்க கவனக்குறைவு. நீங்க தப்பிச்சுக்கலாம்."

"சுவிட்ச் கேட்டு மெக்கானிக் எழுதினாராமே சார்."

"இங்க ஒரு நாளைக்கு நூறு தாள் வருது" என்றார் அதிகாரி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர்.

அக்கா கீழே வந்தாள். ரோலரைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு அறையில் ரேடியோ தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் டிபன் டப்பா திறக்காமல் இருந்தது.

"பன்னிரண்டு நாளும் உனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

ரேடியோ டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னா நீங்க ரோலர்ல போய் நின்னிருப்பீங்க. நின்னிருக்க மாட்டீங்களா?"

அக்காவுக்குத் தெரியும், நின்றிருப்பாள்.

"அவ சொல்லணும்னுதான் கேட்டா. நான்தான் வேணாம்னேன். உங்க கால் இருக்கிற லட்சணத்துக்கு, இன்னொரு பாரமும் எதுக்குன்னு... நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். இப்ப அவ கை இல்லாம கிடக்கா. நான் முழுசா உக்காந்திருக்கேன்."

ரேடியோ அழுவதை அன்றுதான் அந்தக் கீழ்த்தளம் பார்த்தது. சத்தமே இல்லாமல் அழுதாள்.

விசிலுக்குப் பயந்து ஒருத்தி மறைத்தாள். தன் மேல் பிரியம் வைத்து ஒன்பது பேர் மறைத்தார்கள். அக்காவுக்கு அந்த இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டி நின்றன. தான் வாங்கி வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்ட ஒவ்வொரு சுமையும், அடுத்தவர் வாயை இன்னும் கொஞ்சம் அடைத்திருக்கிறது.

வீட்டில் அன்று அதைக் கணவரிடம் சொன்னாள். கண்ணாடிக்காரியிடம் சொன்ன 'சரி'யையும் அன்றுதான் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன்" என்றார். "ரெண்டு தடவை வேன் ஓட்டும்போது நெஞ்சு வலிச்சது. ஓரங்கட்டி நிறுத்திட்டேன். பிள்ளைங்க உள்ள இருந்தாங்க. டாக்டர்கிட்டப் போனேன். மாத்திரை சாப்பிடறேன்."

"எப்ப?"

"நாலு மாசம் ஆச்சு."

"என்கிட்ட ஏன்..."

"நீ வாசப்படி ஏறும்போதே பாதி உசிராத்தான் வர்ற. உன்கிட்ட என்னத்தச் சொல்றது?"



விசாரணைக்கு மூன்று பேர் குழு போட்டிருந்தார்கள். மெக்கானிக், சுவிட்ச் கேட்டு எழுதிய தாளின் நகலை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அதிகாரியின் அலுவலகம் வாங்கிக்கொண்ட முத்திரையும் தேதியும் இருந்தன. அக்கா தன் கைப்பட இப்படி எழுதிக் கொடுத்தாள்: 'கம்பி வேலை செய்யாதது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே என் குற்றம். தினமும் காலையில் எல்லா மிஷினையும் பார்ப்பது மேற்பார்வையாளரின் வேலை. நான் அதைச் செய்யாமல் மற்றவர்களின் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். என் உடல்நிலையை மறைத்து வேலை பார்த்தேன். அதனால் அவர்கள் என்னிடம் சொல்லத் தயங்கினார்கள். வேலையாட்கள் மேல் குற்றம் இல்லை. சுவிட்ச் கேட்ட தாள் பன்னிரண்டு நாளாக அலுவலகத்தில் இருந்திருக்கிறது. நகல் இணைத்துள்ளேன்.'

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. அதிகாரிக்கு ஒரு கடிதம் போனது. அவர் ஒரு விளக்கம் எழுதினார். அத்தோடு சரி. மெக்கானிக்கை ஊருக்கு வெளியே இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். அக்காவை மேற்பார்வையாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பிரிக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். அவள் எழுதியதால் நடந்த நல்லது ஒன்றே ஒன்று: நெட்டையின் மேல் கவனக்குறைவு என்று எழுத முடியவில்லை. அதனால் அவளுக்கு வைத்தியமும், கை ஆறியபின் உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலையும் தர வேண்டியதாயிற்று.

புது மேற்பார்வையாளர் உடனே வரவில்லை. ஏழு மாதம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. பதவி போன முதல் நாள் காலையில், மிஷின்களை ஓட்டுவதற்கு முன்னால் அக்கா எல்லோரையும் நிற்கச் சொன்னாள். இப்போது நிற்கச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. இருந்தும் நின்றார்கள்.

அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். "எனக்குக் கால் வீங்குது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்ககிட்ட மறைச்சேன்."

"எங்களுக்குத் தெரியும்" என்றார் மிஷின்காரர்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியல. அதுதான் இங்க வியாதி." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இனிமே காலையில ஒருத்தர் மிஷினை இன்னொருத்தர் பார்க்கணும். அவங்கவங்க மிஷினை அவங்கவங்க பார்க்கக் கூடாது, பழகின கண்ணுக்குப் பழுது தெரியாது. பார்த்ததை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும். ஓட்டக் கூடாதுன்னா ஓட்டக் கூடாது. மேல விரிப்பு இல்லைன்னு கத்தட்டும். ஒருத்தருக்கு முடியலைன்னா மத்தவங்க எல்லாருமா அந்த வேலையைப் பங்கு போட்டுக்கணும். நான் மட்டும் எடுத்துக்க மாட்டேன். நான் எடுத்துக்க வந்தா, என் கையைத் தட்டி விடுங்க."

கையைத் தட்டி விட வேண்டிய சந்தர்ப்பங்கள் நிறையவே வந்தன. பழக்கம் லேசில் போகவில்லை. யாராவது இருமினாலே அவள் கால் தானாக அந்தப் பக்கம் நகரும். "அக்கா" என்று ரேடியோ ஒரு அதட்டல் போடுவாள். அக்கா தன் இடத்துக்குத் திரும்புவாள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு உயரமான முக்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்து வேலை செய்ய அவளுக்கு இரண்டு மாதம் வெட்கமாக இருந்தது.

நெட்டையைப் பார்க்க அவள் நான்கு முறை போனாள். முதல் மூன்று முறையும் அண்ணி கீழேயே நிறுத்தி, "தூங்கறா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான்காம் முறை மேலே விட்டாள்.

மாடியில் ஒரே அறை. ஒரு கட்டில், மேசை, மூலையில் அடுப்பு. நெட்டையின் வலது கையில் இன்னும் கட்டு. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஒரு கையால் பின்னிக்கொள்ள முடியாது, அண்ணியிடம் தினமும் தலையைக் கொடுக்கப் பிடிக்கவில்லை என்றாள். தொட்டியில் பாத்திரம் கிடந்தது. அக்கா கைப்பையை வைத்துவிட்டு நேரே அங்கே போனாள்.

"தொடாதீங்க" என்றாள் நெட்டை.

"ரெண்டு பாத்திரம்தானே."

"உக்காருங்க அக்கா. உங்களுக்கு உக்காரவே தெரியாதா? நான் டீ போடறேன்."

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நெட்டை இடது கையால் பாத்திரத்தை எடுத்தாள், தண்ணீர் பிடித்தாள், அடுப்பில் வைத்தாள். தீப்பெட்டியை வலது கைக் கட்டுக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குச்சியை உரசினாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தாவது குச்சி பற்றியது. சர்க்கரை டப்பாவின் மூடி திறக்கவில்லை. நெட்டை அதைப் பல்லால் திறந்தாள். வடிகட்டும்போது பாதி டீ மேசையில் கொட்டியது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது.

டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட சொல்ல வந்தேன்" என்றாள். "மூணாம் நாளோ நாலாம் நாளோ. நீங்க மேசையைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டிருந்தீங்க. யாரும் பார்க்கலைன்னு நினைச்சு இன்னொரு காலைத் தூக்கி வச்சிருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்."

அக்காவின் கையில் டம்ளர் சுட்டது.

"உங்க மேல கோபம்னு சொல்ல முடியல. இல்லைன்னும் சொல்ல முடியல. நீங்க மோசமானவங்களா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ சுலபமா இருந்திருக்கும். விசில் மாதிரி ஆளா இருந்தா சாபம் விட்டுட்டுப் படுத்துத் தூங்குவேன்."

"கோபப்படு" என்றாள் அக்கா. "எனக்குக் கேக்கணும்."

நெட்டை டீ கொட்டிய மேசையைத் துடைத்தாள். மகன் பள்ளியிலிருந்து வரும் நேரம் ஆகிவிட்டது என்றாள். அக்கா டீ முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவாமல் மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

ஏழு மாதம் கழித்துப் புது மேற்பார்வையாளர் வந்தார். வயது குறைவு, கையில் எப்போதும் ஒரு அட்டை. காலையில் மிஷினை ஓட்டாமல் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது அவருக்கு நேர விரயமாகத் தெரிந்தது. நிறுத்தச் சொன்னார். ஒன்பது பேரும் அவர் முன்னால் போய் நின்று முடியாது என்றார்கள். பேசியது அக்கா இல்லை. மேலதிகாரிகள் முன்னால் எப்போதும் வாய் திறக்காத மிஷின்காரர்தான் பேசினார். ஒரு வாரம் இழுபறியாக இருந்தது. கடைசியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார். அதன் பிறகு அந்தக் கீழ்த்தளத்தில் பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. சின்னச் சின்னக் காயங்கள் நடந்தன, எல்லாம் சொல்லப்பட்டன.

அக்காவின் கணவர் வேன் ஓட்டுவதை விட்டுவிட்டார். மகள் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அக்காவின் கால் வீக்கம் குறையவே இல்லை. இரண்டு வருடம் முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, மருத்துவக் காரணத்துக்காக முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாள்.

நெட்டைக்குத் தரைத் தளத்தில், மருந்து கொடுக்கும் இடத்தில் சீட்டு வழங்குகிற வேலை கொடுத்திருந்தார்கள். இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். எழுத்துக்கள் குழந்தை எழுதியதுபோல் பெரிது பெரிதாக இருக்கும். கீழ்த்தள ஆட்கள் மதியம் முறை வைத்து மேலே போய் அவளோடு சாப்பிடுவார்கள். ரேடியோ போகிற நாளில் மட்டும் இருவரும் அதிகம் பேச மாட்டார்கள். ஆனால் ரேடியோ ஒரு முறையும் தவறியதில்லை. நெட்டை உட்காரும் நாற்காலிக்கும் கீழே இறங்கும் படிக்கட்டுக்கும் பதினைந்து அடிதான் இருக்கும். அவள் ஒரு நாளும் இறங்கவில்லை. இறங்கி வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை.